முழுமையற்றது என்று நான் எழுதிய படிவம்

கல்லூரி மாணவர்களின் பக்தியையும் மனவெழுச்சி நுண்ணறிவையும் அளந்து நான் எம்ஃபில் பட்டம் வாங்கினேன். அந்த ஆய்வில் என்னை நம்பி உண்மையை எழுதிக் கொடுத்த ஒரு மாணவியை அவளுடைய அம்மாவிடமே காட்டிக்கொடுத்தேன். பிறகு அவள் நிரப்பிய படிவத்தைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டேன். இரண்டையும் தெரிந்தே செய்தேன். யாரும் வற்புறுத்தவில்லை. இனி வரும் வரிகளில் எங்காவது நான் நல்லவனாகத் தெரிந்தால், அது எழுதத் தெரிந்தவனின் சாமர்த்தியம். நம்ப வேண்டாம்.

அவள் பெயரும் ஊரும் இதில் இராது. அவளை அடையாளம் காட்டக்கூடிய சிலவற்றை மாற்றியிருக்கிறேன். நான் செய்ததில் ஒன்றையும் மாற்றவில்லை.

என் ஊர் கடியப்பட்டணம். வள்ளியாறு கடலில் விழும் இடம். பேதுருவும் பவுலும் எங்கள் கோயிலின் பாதுகாவலர்கள். இந்தக் கரையில் பூசைக்கு வராதவன் யார் என்பது பூசை முடியும் முன்பே ஊருக்குத் தெரிந்துவிடும். 1544 கடைசியில் திருவிதாங்கூர்க் கரையோரமாக நடந்து, ஒரே மாதத்தில் பத்தாயிரம் பேருக்கு மேல் ஞானஸ்நானம் கொடுத்ததாக, மறைபரப்ப வந்த சவேரியாரே கடிதத்தில் எழுதியிருக்கிறார். அன்று தொடங்கி எங்களுக்குக் கோயில்தான் பஞ்சாயத்து, பள்ளிக்கூடம், ஆபத்துக்கு ஓடிப்போகும் இடம். 1982 மார்ச்சில் மண்டைக்காட்டில் இந்து-கிறிஸ்தவக் கலவரம் மூண்டு துப்பாக்கிச் சூடு நடந்தபோது நான் பிறக்கவில்லை. ஆனால் அந்தக் கலவரத்தின் பேச்சைக் கேட்டே வளர்ந்தேன். விசுவாசத்தை விட்டவன் ஊரை விட்டவன் என்ற எண்ணம் எனக்குள் அப்படித்தான் ஊறியது. இதைச் சாக்காகச் சொல்லவில்லை. இதே ஊரில் இதே பேச்சைக் கேட்டு வளர்ந்து, அடுத்தவர் ரகசியத்தைச் சாகும்வரை வாய்க்குள்ளேயே வைத்திருந்தவர்களை எனக்குத் தெரியும்.

எனக்கு ஊரில் ஒரு பெயர் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி எடுப்பேன். பூசையில் முதல் வாசகம் வாசிப்பேன். மைக் இல்லாவிட்டாலும் கடைசி வரிசைவரை கேட்கும் குரல். 'இவ்வளவு படிச்சும் கோயில விடாத பையன்' என்று கிழவிகள் சொல்வார்கள். அது என் காதில் விழ வேண்டும் என்பதற்காகவே பூசை முடிந்ததும் முற்றத்தில் கொஞ்ச நேரம் நின்றிருக்கிறேன். அந்தப் பெருமையைத்தான் அப்போது பக்தி என்று நினைத்திருந்தேன்.

ஆய்வுத் தலைப்பை அந்தப் பெருமைதான் தேர்ந்தெடுத்தது. மனவெழுச்சி நுண்ணறிவு என்ற கருத்தை 1990இல் பீட்டர் சலோவே, ஜான் மேயர் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் முறையாக வகுத்தார்கள். தன் மனதில் ஓடுவதையும் எதிரில் இருப்பவர் மனதில் ஓடுவதையும் கண்டுகொள்வது, அதற்குத் தக நடந்துகொள்வது. 1995இல் டேனியல் கோல்மனின் புத்தகம் வந்த பிறகு உலகமெல்லாம் அதைப் பேசியது. அதை அளக்க இரண்டு வழி உண்டு. தேர்வு வைக்கலாம்: முகங்களின் படத்தைக் காட்டி என்ன தெரிகிறது என்று கேட்கலாம். அல்லது, 'அடுத்தவர் மனதை நீங்கள் நன்றாகப் புரிந்துகொள்வீர்களா?' என்று அவர்களையே கேட்டுவிடலாம். இரண்டாவதற்குச் செலவு குறைவு, நேரமும் குறைவு. நான் இரண்டாவதை எடுத்துக்கொண்டேன்.

பக்தியை அளக்க கார்டன் ஆல்போர்ட், மைக்கேல் ராஸ் இருவரும் 1967இல் வெளியிட்ட கட்டுரையை அடியொற்றிக் கேள்விகள் தயாரித்தேன். சிலர் மதத்தை வாழ்கிறார்கள், சிலர் அதைப் பயன்படுத்திக்கொள்கிறார்கள் என்பது அவர்கள் பிரித்த பிரிவு. மரியாதைக்கு, பாதுகாப்புக்கு, நாலு பேர் பழக்கத்துக்கு என்று பயன்படுத்துகிறவர்கள் இரண்டாம் வகை. இந்தப் பிரிவை ஆய்வேட்டின் இயல் இரண்டில் பக்கம் பக்கமாக விளக்கினேன். நான் எந்த வகை என்று ஒரு தடவைகூட என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

பக்தி கூடினால் மனவெழுச்சி நுண்ணறிவும் கூடும் என்பது கருதுகோள். அதைச் சோதிக்க நான் புறப்படவில்லை. நிரூபிக்கப் புறப்பட்டேன்.

2018 செப்டம்பரில் எங்கள் மாவட்டத்துக் கல்லூரி ஒன்றில் மூன்றாமாண்டு மாணவர்களிடம் படிவம் கொடுத்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிந்திய வகுப்பு. 'பேர் எழுத வேண்டாம். யார் எழுதியதென்று யாருக்கும் தெரியாது. இது ஆய்வுக்கு மட்டும்' என்று அறிவித்தேன். அப்போது மூன்றாவது வரிசையிலிருந்து அவள் கேட்டாள்: "உண்மைய எழுதலாமா அண்ணே?" பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "தாராளமா எழுது" என்றேன்.

அவளை எனக்கு முன்பே தெரியும். அவள் அம்மா மீன் விற்பவர். எங்கள் வீட்டுத் திண்ணையில் சருவத்தை இறக்கி வைத்துவிட்டுத் தண்ணீர் வாங்கிக் குடிப்பார். அவள் அப்பா விசைப்படகில் ஆழ்கடலுக்குப் போனவர். 2017 நவம்பர் 29 இரவு ஒக்கிப் புயல் இந்தக் கரையை நெருங்கியபோது, கரையிலிருந்து சொன்ன எச்சரிக்கை எட்டாத தூரத்தில் இருந்தார். உடல் கிடைக்கவில்லை. டிசம்பர் 7ஆம் தேதி, காணாமல் போனவர்களைத் தேடித் தரச் சொல்லிக் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்த ஆயிரக்கணக்கான பேரில் தாயும் மகளும் இருந்தார்கள். உடல் கிடைக்காதவர் இறந்தார் என்று கொள்ள ஏழு ஆண்டு காத்திருக்க வேண்டும் என்பது பொதுச் சட்டம். ஒக்கிக்கு அரசு அதைத் தளர்த்திச் சான்றிதழ் கொடுத்தது. சான்றிதழ் வந்த பிறகும் அந்த அம்மா வீட்டில் இரவு ஜெபமாலை நிற்கவில்லை. ஆள் திரும்பி வரட்டும் என்றுதான் வேண்டிக்கொண்டிருந்தார்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் படிவத்தைக் கொடுத்தேன்.

படிவத்தில் பெயர் கேட்கவில்லை, சரி. ஆனால் ஊர், வயது, உடன்பிறந்தோர், தந்தை தொழில் எல்லாவற்றையும் கேட்டிருந்தேன். பெயரை மட்டும் விட்டுவிட்டு ஆளைக் கேட்டிருந்தேன். எங்கள் மாதிரிச் சின்ன ஊர்களில் இதைவிடப் பெயரையே கேட்டிருக்கலாம். தந்தை தொழில் என்ற இடத்தில் அவள் எழுதியிருந்தது: 'கடலுக்குப் போனார். 2017 நவம்பர்.'

அன்று ராத்திரி கட்டிலில் தாள்களைப் பரப்பி வைத்துப் பார்த்தபோது அந்த வரியில் நின்றேன். அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். 'என் வேண்டுதலைக் கடவுள் கேட்கிறார்' என்பது நான் எழுதிய கூற்று. எதிரே ஐந்து கட்டம். அவள் 'முற்றிலும் மறுக்கிறேன்' என்பதில் டிக் போட்டிருந்தாள். பேனா அழுந்தியதில் தாளின் பின்பக்கம் தடம் புடைத்திருந்தது. செபம் பற்றிய எல்லாக் கூற்றுக்கும் அதே கட்டம். பிறர் மனதை அறிவது பற்றிய பகுதியில் அவள் மதிப்பெண் அந்த வகுப்பிலேயே முன்னணியில் இருந்தது.

பத்தொன்பது, இருபது வயதுப் பிள்ளை அது. அப்பா போய் வருஷம் திரும்பவில்லை. அந்தத் தாளைப் பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது என்ன? இரக்கம் என்று எழுத ஆசையாக இருக்கிறது. வந்தது எரிச்சல். 'அம்மா ராப்பகலா செபிக்கிறா, இவளுக்கு என்ன திமிரு' என்று நினைத்தேன். இந்தச் சொற்களிலேயே நினைத்தேன்.

அடுத்த வாரம் சந்தையில் அவள் அம்மாவைப் பார்த்தேன். சாளை நிறைய வந்திருந்த நாள். சருவத்துக்குப் பின்னால் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். முழங்கைவரை செதில். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "எனக்க மொவ எப்பிடி படிக்கா சாரே?" என்று கேட்டார். 'நல்லா படிக்கா அக்கா' என்று சொல்லிவிட்டு நடந்திருக்கலாம். உண்மையும் அதுதான், அவள் நன்றாகப் படிக்கிறவள். அந்தப் பதில் என் வாய்வரை வந்தது. நான் குனிந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னேன்: "பிள்ளைய கொஞ்சம் கவனிக்கணும் அக்கா. செபத்துல நம்பிக்கை இல்லன்னு எழுதியிருக்கா."

குரலைத் தாழ்த்தியதைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரகசியம் காப்பவன் போல ரகசியத்தை உடைத்தேன். அக்கறை உள்ளவன் என்று அந்த அம்மா என்னை நினைக்க வேண்டும் என்று விரும்பினேன். சந்தையில் பக்கத்தில் இருந்த பெண்கள் நான் குனிந்து பேசுவதைப் பார்ப்பதும் எனக்குப் பிடித்திருந்தது.

அவர் கேட்டது ஒன்றே ஒன்று. "அவளே எழுதுனாளா?" ஆமாம் என்றேன். அதன்பின் பேச்சில்லை. சாளை வாங்கியவரிடம் காசு வாங்க மறந்து அடுத்த ஆளுக்கு எண்ணிப் போட ஆரம்பித்தார். நான் அதைக் கவனித்தேன். என் பேச்சு உறைத்திருக்கிறது என்று திருப்திப்பட்டுக்கொண்டே பஸ் ஏறினேன். மனவெழுச்சி நுண்ணறிவில் ஆய்வு செய்கிறவன் அந்த முகத்தில் படித்தது அவ்வளவுதான்.

அந்த வீட்டில் பிறகு நடந்ததைத் துண்டு துண்டாகக் கேள்விப்பட்டேன். முழுவதையும் வெகுகாலம் கழித்து அவளே சொன்னாள். அன்று ராத்திரி அம்மா அவளை அடிக்கவில்லை. உட்கார்த்தி வைத்து ஒன்று சொன்னார்: "நீ செபிக்காததுனாலதான் அப்பாவுக்க உடம்புகூட கெடைக்கல்ல." துக்கத்தில் இருக்கிறவர் ஏதாவது ஒரு காரணத்தைப் பிடித்துக்கொள்ளத் தவிப்பார். அந்தக் காரணத்தைச் சந்தைக்குக் கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தவன் நான். அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடும் அன்பியக் கூட்டத்தில் அவளை நடுவில் முழந்தாளிட வைத்து எல்லோரும் தலையில் கைவைத்துச் செபித்தார்கள். பிறகு ஒரு தியான இல்லத்துக்குக் கூட்டிப் போனார்கள். செமஸ்டர் பரீட்சைக்கு முந்திய வாரங்கள் அவை. அவள் பரீட்சை எழுதவில்லை. சமூகப்பணி மேற்படிப்புக்கு விண்ணப்பிக்க இருந்தவள் அந்த வருஷம் விண்ணப்பிக்கவில்லை, அடுத்த வருஷமும் இல்லை. அரியரை முடித்துவிட்டு வெளியூரில் ஒரு கடையில் பில் போடும் வேலைக்குப் போனாள். படித்திருந்தால் என்ன ஆகியிருப்பாளோ என்று எனக்குள் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன். அந்தக் கணக்குப் போடவும் எனக்கு உரிமையில்லை.

பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை ஒரு குரு வெளியே சொல்லக்கூடாது. எந்தக் காரணத்துக்காகவும், எந்த விதத்திலும் கூடாது. திருச்சபைச் சட்டத்தின் 983ஆம் விதி அது. நேரடியாக மீறுகிற குரு அந்தக் கணமே சபைநீக்கத்துக்கு ஆளாகிறார். மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகளுக்கு இதை நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன், கொஞ்சம் பெருமையோடு, எங்கள் சபையில் இப்படி ஓர் ஒழுங்கு உண்டென்று. என்னிடம் ஒருத்தி கேட்டுவிட்டு, நான் அனுமதி கொடுத்த பிறகு, தாளில் திறந்து வைத்ததை ஒரு வாரம்கூட என்னால் பொத்தி வைக்க முடியவில்லை.

இதை நானும் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்பதையும் கேளுங்கள். 'ஒருவரைப் பற்றிப் புறம் பேசினேன்.' இவ்வளவே. பொய்களுக்கும் கோபங்களுக்கும் நடுவே அதையும் ஒன்றாகச் செருகிவிட்டேன். குரு பாவப்பொறுத்தல் கொடுத்தார். அவர் கேட்டதற்குக் கொடுத்தார். நான் மறைத்ததை அவர் எப்படி அறிவார்? அன்று நற்கருணை வாங்கினேன்.

படிவத்துக்கு வருகிறேன். எண்களைக் கணினியில் ஏற்றும்போது அவள் தாளைத் தனியே எடுத்து வைத்தேன். மேலே பென்சிலால் 'முழுமையற்றது' என்று எழுதினேன். அதில் ஒரு கட்டம்கூடக் காலியில்லை. நிரப்பாமல் வந்த நாலைந்து தாள்களோடு அதையும் சேர்த்துக் கட்டினேன். இத்தனைக்கும் நூற்றுக்கணக்கான தாள்களில் ஒன்று ஒட்டுறவுக் கெழுவை அசைத்துவிடாது. புள்ளியியல் தெரிந்த எவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். முடிவு எப்படியும் எனக்குச் சாதகமாகவே வந்திருக்கும். ஆகவே ஆய்வுக்காக எடுத்தேன் என்று சொல்ல வழியில்லை. பயத்தில் எடுத்தேன். நாளைக்கு அவள் யாரிடமாவது புகார் சொன்னால் அப்படி ஒரு தாளே இல்லை என்று நிற்க வேண்டும். அவள் பரீட்சைக்கு வரவில்லை என்ற செய்தி அதற்குள் எனக்கு வந்திருந்தது.

முடிவு நினைத்தபடி வந்தது. பக்தியும் மனவெழுச்சி நுண்ணறிவும் நேர்மறையாக ஒட்டுகின்றன. தன்னைப் பற்றித் தானே மதிப்பெண் போடுகிற படிவம் இரண்டைப் பக்கத்தில் வைத்தால் வேறென்ன வரும்? 'தினமும் செபிப்பேன்' என்று டிக் போடுகிற பிள்ளை 'பிறர் துயரத்தை உணர்வேன்' என்பதற்கும் டிக் போடத்தான் செய்யும், போட வேண்டும் என்றுதான் நாங்கள் வளர்த்திருக்கிறோம். 2014இல் ஆலிவர் ஷெல்டன், டேவிட் டன்னிங், டேனியல் ஏம்ஸ் மூவரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தேர்வு வைத்து அளந்ததில் மிகக் கீழே இருந்தவர்களே தங்களை ஆகக் கூடுதலாக மதிப்பிட்டிருந்தார்கள். மதிப்பெண்ணைக் காட்டினால் தேர்வே சரியில்லை என்றார்கள். அதை வாசித்துவிட்டு, இயல் இரண்டில் சேர்க்காமல் விட்டேன். என் அளவுகோலுக்கு அது இடைஞ்சல்.

சேர்த்தது இன்னொன்றை. 1973இல் டார்லி, பேட்சன் இருவரும் பிரின்ஸ்டனில் குருத்துவ மாணவர்களை வைத்துச் செய்த பரிசோதனை. மாணவர்கள் ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்குப் போய்ச் சொற்பொழிவாற்ற வேண்டும். சிலருக்குத் தலைப்பே நல்ல சமாரியன் உவமைதான். வழியில் ஓர் ஆள் வாசலில் சுருண்டு கிடந்து இருமுகிறார். நேரம் இருக்கிறது என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 63 விழுக்காட்டினர் நின்று கவனித்தார்கள். அவசரப்படுத்தி அனுப்பப்பட்டவர்களில் 10 விழுக்காடு. சமாரியனைப் பற்றிப் பேசப் போகிறவர்கள் என்பதால் உதவி குறிப்பிடும்படி கூடிவிடவில்லை. இதை அழகாக எழுதியிருந்தேன். நெறியாளர் அந்தப் பத்தியைப் பாராட்டினார். அந்த மாணவர்கள் அவசரத்தில் கடந்து போனவர்கள். எனக்கு அவசரம் ஒன்றும் இருக்கவில்லை. நான் நின்று, குனிந்து, நிதானமாகத் தீங்கு செய்தேன்.

வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் ஒரே ஒரு கேள்வியில் என்னைத் தொட்டார். "சில படிவங்களை நீக்கியிருக்கிறீர்களே, எதன் அடிப்படையில்?" பெரியவர், பணிவாகக் கேட்டார். "முழுமையாக நிரப்பாதவை சார்" என்றேன். குரல் தடுமாறவில்லை. எங்கள் கோயில் பாதுகாவலரான பேதுருவும் பயந்து மறுதலித்தவர்தான், அதுவும் ஒரு வேலைக்காரப் பெண் கேட்டதற்கு. அவர் வெளியே போய் மனங்கசந்து அழுதார் என்று நற்செய்தி சொல்கிறது. நான் வெளியே போய் எல்லோருக்கும் லட்டு கொடுத்தேன்.

வருஷங்கள் போயின. எம்ஃபில் படிப்பையே 2022இல் யுஜிசி நிறுத்திவிட்டது. அந்தப் பட்டம் எனக்கு மட்டும் வேலை வாங்கித் தந்துவிட்டுப் போனது. போன வருஷம் அவளைத் தேடிப் போனேன். மனசாட்சி உறுத்திப் போனேன் என்பது பாதி. மீதி, ஊரில் ஒருவர் அவள் திருமணப் பேச்சில் என் பெயரை இழுத்துப் பேசினார் என்று காதில் விழுந்தது. அவள் என்ன சொல்லி வைத்திருக்கிறாள் என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

நாகர்கோவிலில் ஒரு டீக்கடையில் பேசினோம். நான் ஆரம்பித்ததுமே, "தெரியும் அண்ணே. அன்னைக்கே அம்மை சொல்லிட்டா" என்றாள். திட்டவில்லை. "அப்பாவ கடல் கொண்டு போச்சு. நீங்க சொல்லலன்னா எனக்கு அம்மையாவது மிச்சம் இருந்திருப்பா" என்றாள். தாயும் மகளும் இன்றும் பணம், மருந்து, ரேஷன் தவிர வேறு எதுவும் பேசிக்கொள்வதில்லை. ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டாள். உன் நன்மைக்கு என்று ஆரம்பித்தேன். அவள் டீயைக் குடித்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். அந்த வாக்கியத்தை நான் முடிக்கவில்லை.

கிளம்பும்போது, "அந்தத் தாள எனக்குத் தாங்க" என்றாள். "இருக்கு, தேடித் தாறேன்" என்றேன். பொய். வாய்மொழித் தேர்வு முடிந்த வாரமே வீட்டு அடுப்பில் போட்டிருந்தேன். மன்னிப்புக் கேட்கப் போன இடத்திலும் ஒரு பொய்யை விட்டுவிட்டு வந்தேன். அதையும் பிற்பாடு போனில் சொன்னேன். இதை எழுதி வெளியிடலாமா என்றும் அதே போனில் கேட்டேன். வெகுநேரம் யோசித்துவிட்டு, "எழுதுங்க. நான் மன்னிச்சேன்னு மட்டும் எழுதாதீங்க" என்றாள்.

நெறியாளருக்குக் கடிதம் அனுப்பிவிட்டேன். எந்தப் படிவத்தை எதற்காக எடுத்தேன், தேர்வாளரிடம் என்ன பொய் சொன்னேன், தாளை என்ன செய்தேன் என்று வரிசையாக எழுதியிருக்கிறேன். பட்டத்தை வைத்திருக்கலாமா, கூடாதா என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும். மறைக்கல்வி எடுப்பதை விட்டுவிட்டேன். காரணம் கேட்ட பங்குத்தந்தையிடம் முழுவதையும் சொன்னேன், இந்த முறை சுருக்காமல். ஆனால் அந்தப் பட்டத்தைக் காட்டி வாங்கிய வேலையில்தான் இன்றும் இருக்கிறேன். ராஜினாமா செய்யவில்லை. வீட்டுக் கடன் இருக்கிறது, அதுதான் காரணம்.